வாழைப்பழத்தில் டி.என்.ஏ. பார்ப்பது எப்படி? (கூடவே ஒரு ரூபாய் நாணயமும்)

கல்யாண வீட்டில் "வாழையடி வாழையா வாழணும்" என்று பெரியவர்கள் வாழ்த்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்ன முரண்டு எழும். வாழையடி வாழை என்றால் தாய்மரத்துக் கிழங்கிலிருந்து முளைக்கும் பக்கக்கன்று, தாயின் அச்சு அசல் நகல். மனுஷப் பிள்ளைகள் அப்படிப் பிறப்பதில்லையே! உடம்பை உருவாக்கும் குறிப்பைத் தாங்கி, பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் இழைதான் டி.என்.ஏ. இதை அண்ணன் மகளுக்குப் புரியவைக்க, போன மே மாச லீவில் எங்கள் வேளச்சேரி வீட்டு அடுப்படியில் இரண்டு சோதனைகள் செய்தோம். நீங்களும் செய்யலாம்.

முதலில் ஸ்பிரிட்டைக் குளிரவையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் 100 மி.லி. பாட்டில் கிடைக்கும். சிலர் ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள். தீப்பற்றும் சமாச்சாரம், எனக்கு மனசு வரவில்லை. ஒரு பாத்திரத்தில் ஐஸ் கட்டியோடு ரெண்டு கைப்பிடி கல் உப்பைப் போட்டு, மூடிய பாட்டிலை அதில் அரை மணி நேரம் நிறுத்தினால் போதும், நன்றாகச் சில்லிட்டுவிடும். அடுப்பு அணைந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அதற்குள் பழத்தைக் கவனிக்கலாம். நன்றாகக் கனிந்த பூவன் ரெண்டு வேண்டும். தோல் கறுத்துப்போய் வண்டிக்காரர் விலை குறைத்துக் கொடுக்கிறாரே, அதுதான் சரியான பழம். மசிப்பதற்கு முன் ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை விதையாகாமல் நின்றுபோனவை. பூவனின் செல்லில் குரோமோசோம்கள், அதாவது டி.என்.ஏ. இழை சுருண்டிருக்கும் பொதிகள், மூன்று தொகுதி, தொகுதிக்கு 11. விதை உண்டாக அவை ஜோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்றை எப்படிச் சரிபாதியாக்குவது? அதனால்தான் காட்டு வாழையில் பல்லை உடைக்கும் விதைகள் இருக்க, நம் வீட்டு வாழை கன்றை நம்பியே காலம் தள்ளுகிறது.

இனி மசியுங்கள், ஆனால் கையால். மிக்ஸி வேண்டாம், இழைகள் துண்டு துண்டாகிவிடும். இன்னொரு டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ரெண்டு டீஸ்பூன், தூள் உப்பு அரை டீஸ்பூன் சேர்த்து நுரை வராமல் கலக்கி, மசியலில் ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். செல்லைச் சுற்றியும் அதன் உட்கருவைச் சுற்றியும் இருப்பது கொழுப்புச் சவ்வு. எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியை லிக்விட் என்ன செய்யுமோ அதையேதான் இங்கேயும் செய்கிறது. உப்புக்கு வேறு வேலை. டி.என்.ஏ. இழைகளில் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடும். உப்பிலுள்ள சோடியம் அந்தச் சுமையைத் தணித்து அவற்றை ஒட்டவைக்கிறது.

பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, உயரமான கண்ணாடி டம்ளரில் ரெண்டு விரற்கடை எடுத்துக்கொள்ளுங்கள். கஷ்டமான இடம் இனிதான். டம்ளரைச் சாய்த்து, சில்லிட்ட ஸ்பிரிட்டை ஓரமாக, அதே அளவுக்கு, மெதுவாக ஒழுகவிடுங்கள். அது மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். முதல் தடவை நான் அவசரப்பட்டு மொத்தத்தையும் மடமடவென்று ஊற்றினேன். எல்லாம் கலங்கி மோர் மாதிரி ஆகிவிட்டது, ரெண்டு பழமும் வீண்.

ஐந்து நிமிஷத்தில், இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் எழும்பும். ஈர்க்குச்சியால் மெல்லச் சுற்றி எடுங்கள்.

"அத்தை, இதுவா டி.என்.ஏ.? மூக்குச்சளி மாதிரி இருக்கு!"

வாஸ்தவம்தான். கொஞ்சம் புரதமும் பெக்டின் என்ற பழப்பசையும் கூடவே ஒட்டியிருக்கும். தனி இழை ஒன்றின் தடிமன் 2 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கோடிக்கணக்கில் திரண்டதால்தான் குச்சியில் சுற்ற முடிகிறது. 1869இல் மீஷர் என்ற சுவிஸ்காரர் முதன்முதலில் இதைப் பிரித்தெடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிகளில் ஒட்டியிருந்த சீழிலிருந்து! நமக்கு வாழைப்பழம், கொடுத்துவைத்தவர்கள். இதன் வடிவம் முறுக்கிய ஏணி என்று 1953இல் வாட்சனும் கிரிக்கும் சொன்னார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்-ரே ஆய்வு அதற்குப் பெரிய ஆதாரம். அடுத்த வருஷமே நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கொலாஜன் என்ற புரதத்துக்கு முப்புரி வடிவம் என்று சொன்னார். இது டி.என்.ஏ. அல்லதான், ஆனால் ஊர்க்காரரை விட்டுவிட மனசில்லை.

ஏணி நடுவில் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தனக்கு ஜோடியைக் கட்டிக்கொள்ளும். ஒன்று இரண்டாகும். வாழைக்கன்றுக்கு அது போதும். ஆனால் நகலில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷேல் வாழையைப் பனாமா வாடல் நோய் 1950களில் தோட்டம் தோட்டமாகச் சாய்த்தது. ஒரு மரத்துக்குத் தாங்கும் சக்தி இல்லையென்றால் எந்த மரத்துக்கும் இல்லை.

மனுஷர்கள் சீட்டைக் கலைத்துப் போடுகிறார்கள், அதற்குத்தான் நாணயம். நம்மிடம் 23 ஜோடி குரோமோசோம். அப்பாவின் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாத்தா தந்தது, ஒன்று பாட்டி தந்தது. விந்தணுவுக்கு ஜோடிக்கு ஒன்றுதான் போகும். தலை விழுந்தால் தாத்தா, பூ விழுந்தால் பாட்டி. 23 தடவை சுண்டினால் எத்தனை விதம் வரலாம்? 83,88,608. எண்பத்து நாலு லட்சம் யோனி பேதம் என்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. தற்செயல்தான், யாரும் இதை வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள். அம்மா பக்கத்தையும் பெருக்கினால் 70 லட்சம் கோடி. போதாதென்று, பிரிவதற்கு முன் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளையும் மாற்றிக்கொள்ளும். அந்தச் சிக்கலை இந்த விளையாட்டில் விட்டுவிட்டோம்.

பெண் பிள்ளை சுண்டினால் 22 தடவை போதும். மிச்சமுள்ள ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது: பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அப்பாவிடம் இருக்கும் ஒரே எக்ஸ் குரோமோசோம் அவருடைய அம்மா கொடுத்தது. மகளுக்குப் போவது அதுதான். பையனென்றால் தாத்தாவின் ஒய்.

எங்கள் வீட்டில் தலை 13, பூ 9. வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, "எனக்கு ஒம்போதுதானாடி?" என்றாள்.

"இல்ல பாட்டி, எக்ஸையும் சேர்த்தா பத்து. அது கட்டாயம் உன்னோடதுதான்."

"பின்ன?" என்று சொல்லிவிட்டுப் பாட்டி மறுபடி கீரைக்குத் திரும்பினாள்.