தங்கூசி, பழைய பிலிம் ரோல், ஒரு ஸ்பீக்கர்: சத்தத்துல குளிர் எடுக்கலாம்

சத்தத்தால குளிர் எடுக்குற ஒரு சின்ன கருவி இது. பாம்பன் பக்கம் இருக்கவங்களுக்கு இதுல பாதி சாமான் தேடவே வேணாம், முக்கியமான பொருளே தங்கூசிதான், அதான் மீன் புடிக்கிற நைலான் நரம்பு. 2002ல அமெரிக்காவுல ரஸ்ஸல், வெய்புல்னு ரெண்டு பேரு இப்படி ஒண்ணு செஞ்சு, சில நிமிஷத்துல ரெண்டு முனைக்கும் நடுவுல 15 டிகிரிக்கு மேல வித்தியாசம் காட்டிருக்காங்க.

4 இன்ச் ஸ்பீக்கர் மேல ஓட்ட போட்ட பலகைய ஒட்டி, அதுல 23 செ.மீ. பைப்ப நிறுத்துங்க, மேல் வாய்க்கு லேத்துல கடைஞ்ச அலுமினிய அடைப்பு. எங்கயும் காத்து கசியக்கூடாது. பழைய 35 மி.மீ. பிலிம்ல 0.35 மி.மீ. தங்கூசிய குறுக்க குறுக்க அரை செ.மீ.க்கு ஒண்ணா ஒட்டி, பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி, அடைப்புல இருந்து 4 செ.மீ. கீழ சொருகணும். அலுமினிய பாயில் போட்டா என்னனு கேக்காதீங்க, வந்த குளிரு அது வழியாவே ஓடிப்போயிரும்.

உள்ள நடக்குறது இதான்: காத்து அடைப்பு பக்கம் போறப்ப அமுங்கி சூடாகி சூட்ட பிலிம்ல விடுது, திரும்புறப்ப விரிஞ்சு குளுந்து பிலிம்ல இருந்து சூட்ட எடுக்குது, போட்டுல இருந்து மீன் கூடைய கைமாத்தி கைமாத்தி கரைக்கு கொண்டாற கணக்கா சூடு மேல ஏறுது. அதனால மேல்பக்கம் சூடு, ஸ்பீக்கர் பக்கம் குளிர். தங்கூசியால பிலிம் சுத்துக்கு சுத்து விழுற இடைவெளி ரொம்ப அகலமா இருந்தா நடுவுல போற காத்து பிலிம தொடாமலே போயிரும், ரொம்ப நெருக்கமா இருந்தா உரசியே சத்தம் செத்துரும்.

நம்ம 30 டிகிரி வெயில்ல சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 349 மீட்டர், அதை பைப் நீளத்தோட நாலு மடங்கால வகுத்தா 380 ஹெர்ட்ஸ் கிட்ட வருது, பைப்புக்குள்ள காத்து பலமா அதிருற சுருதி அதான். போன்ல டோன் ஆப் போட்டு ஆம்ப்ளிஃபயர் வழியா குடுத்து, 350ல இருந்து 400 வரைக்கும் மெதுவா நகத்தி, பிலிம் சுருளோட ரெண்டு முனையில வெச்ச தெர்மோகப்பிள்ல (சூடு அளக்குற கம்பி) எங்க வித்தியாசம் ஜாஸ்தியோ அங்க நிறுத்துங்க. காத்து சூடாக சூடாக அந்த இடமும் கொஞ்சம் நகரும், திரும்ப டியூன் பண்ணணும்.

மொத ரெண்டு நிமிஷம் குளிர் பக்கம் மளமளனு இறங்கும், அப்புறம் நின்னுரும். சில சமயம் குளிர்ந்த பக்கமே திரும்ப ஏறும், பயப்படாதீங்க, மேல சேந்த சூடு வெளிய போக வழியில்லாம பிலிம் வழியா கீழ இறங்குது. அடைப்பு மேல ஈரத்துணி போட்டு பேன் காட்டுங்க, இதான் நெறய பேரு விடுற விஷயம். இன்னொண்ணு நம்ம கடக்கர ஈரம், குளிர்ந்த முனையில தண்ணி பூத்துச்சுன்னா அது விடுற சூட்டுலயே இறக்கம் நின்னுரும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு பைப்ப ஒரு ராத்திரி காயவெச்சு மூடுங்க.

இதுல வஞ்சிரம் ஐஸ் பண்ணலாம்னு நெனச்சா நடக்காது. பத்து நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க, ஸ்பீக்கருக்குள்ள இருக்க கம்பிச்சுருள், அதான் வாய்ஸ் காயில், கருகுற வாசம் எனக்கு நல்லாவே பழக்கம்.