புது ரைடு வரும்போது பழைய கருப்பொருளை எவ்வளவு காப்பாற்றுவது?

தீம் பார்க்கின் ஒரு பகுதியை மாற்றலாமா என்று பேச உட்காருமுன், அந்தப் பகுதியின் கருப்பொருளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எந்த இடம், எந்தக் காலம், வருபவர் அங்கே யாராக நடக்கிறார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘சாகசம்’, ‘மாயம்’ போன்ற சொற்கள் எதையும் உள்ளே விட்டுவிடும், அடித்துவிடுங்கள். கதாபாத்திரத்தின் பெயரும் வேண்டாம். கதாபாத்திரம் குடியிருப்பவர்தான், வீடு அல்ல. குடியிருப்பவர் மாறலாம்.

அடுத்து, புது ரைடை அந்த வாக்கியத்தோடு ஒட்டிப் பாருங்கள். பலரும் தோற்றத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ஃபுளோரிடாவில் 1982இல் திறந்த டிஸ்னியின் எப்காட் பூங்காவில், ஏரியைச் சுற்றியுள்ள அரங்குகள் ஒவ்வொன்றும் ஓர் உண்மையான நாட்டைக் காட்டுபவை. நார்வே அரங்கின் மேல்ஸ்ட்ராம் படகுச் சவாரியை 2014இல் மூடி, அதே நீர்த்தடத்தில் 2016இல் ‘ஃப்ரோசன்’ திரைப்படச் சவாரியைக் கொண்டுவந்தார்கள். பனி, மலை, மரவேலைப்பாடு எல்லாம் நார்வேக்குப் பொருந்தும். ஆனால் அந்தப் படத்தின் களமான அரெண்டெல் எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. தோற்றம் தேறியது, ‘உண்மையான நாடு’ என்ற விதி தோற்றது.

ஒரே ரைடு ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் இடிக்கவும் செய்யும். ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற நீர்ச்சவாரிக்குப் பதிலாக 2024இல் வந்த, டிஸ்னி பட நாயகி டியானாவின் சவாரிக்குக் களம் லூசியானாவின் சதுப்புநிலம். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் அதற்கு அடுத்தாற்போலவே, லூசியானாவின் நகரான நியூ ஆர்லியன்ஸைக் காட்டும் நியூ ஆர்லியன்ஸ் சதுக்கம் 1966 முதல் இருக்கிறது. சுற்றுப்பகுதியின் பெயரையும் ‘பாயூ கன்ட்ரி’ என மாற்றிவிட்டார்கள், உறுத்தவில்லை. ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் அதே சவாரி, பழைய அமெரிக்க மேற்கின் எல்லைப்புறத்தைக் காட்டும் பகுதிக்குள் நிற்கிறது. ஆகவே ரைடை மட்டும் எடைபோடாதீர்கள். இரு பக்கத்து அண்டை வீட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

காகிதத்தில் தேறியதை நிலத்தில் சோதியுங்கள். காற்றில்லாத காலையில், திட்டமிட்ட உயரத்துக்குக் கயிற்றில் பலூனைப் பறக்கவிடுங்கள். காற்றடித்தால் கயிறு சாய்ந்து, உயரம் குறைவாகத் தெரியும். பக்கத்துப் பகுதிகளின் நடைபாதைகளில் 20, 30 அடிக்கு ஒருமுறை நின்று, பெரியவர் கண் மட்டத்திலும் (சுமார் 1.6 மீட்டர்) குழந்தை கண் மட்டத்திலும் (சுமார் 1.1 மீட்டர்) படமெடுங்கள். பலூன் தெரியும் இடமெல்லாம் கட்டடமும் தெரியும். மரம் நட்டு மறைப்பதாக இருந்தால், அது வளர்ந்து முடிவதற்குள் கழியும் ஆண்டுகளையும் கணக்கில் வையுங்கள்; இலையுதிர் மரம் பாதி ஆண்டு கைகொடுக்காது. 

ஒலி இன்னும் பொல்லாதது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபெல்தான் குறையும். பெரிய ஒலிபெருக்கி ஒன்றைவிட, சத்தம் குறைத்த சிறியவை பலவற்றை நெருக்கமாக வைப்பது நல்லது. இரு பகுதிகளின் இசை மோதும் எல்லையில் அருவியோ நீரூற்றோ வையுங்கள். அதன் இரைச்சல் இரண்டையும் விழுங்கும். தரையின் கல், விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி மூன்றும் அதே எல்லையில்தான் மாற வேண்டும். நடுவில் மாறினால் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கும்.

எதிர்காலத்தைக் கருப்பொருளாகக் கொண்ட பகுதிக்கு மட்டும் கண்டிப்பு உதவாது. 1955இல் டிஸ்னிலேண்டோடு திறந்த டுமாரோலேண்டை 1967இலும் 1998இலும் பெரிய அளவில் திருத்தினார்கள். நாளை என்பது சீக்கிரமே நேற்றாகிவிடுகிறதே! பாரிஸ் டிஸ்னி பூங்காவில் 1992இல் வேறு வழி பிடித்தார்கள்: 19ஆம் நூற்றாண்டு அறிவியல் கதை எழுத்தாளர் ஜூல் வெர்ன் காலத்தவர் கற்பனை செய்த எதிர்காலம். பழையதாகவே பிறந்ததால் அது பழசாவதில்லை. ‘நாளை’ என்று எழுதினால் ஒவ்வொரு தலைமுறைக்கும் மறுகட்டுமானச் செலவை ஒதுக்குங்கள். முடியாதென்றால் யாருடைய நாளை என்பதை எழுதிவிடுங்கள்.

கடைசியாக, திரும்பிவர வழி வையுங்கள். ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில், பொம்மைப் பறவைகள் பாடும் டிக்கி ரூம் என்ற காட்சியில் 1998இல் புதுக் கதாபாத்திரங்களைப் புகுத்தினார்கள். 2011இல் ஒரு தீ விபத்துக்குப் பின் பழைய காட்சியே சற்றுச் சுருக்கமாகத் திரும்பியது. பிரிக்கும்முன் ஒலிப்பதிவின் மூலப்பிரதி, பொம்மை வார்ப்பு அச்சுகள், வரைபடங்கள், வண்ணக் குறியீடுகள் ஆகியவற்றைத் தனித்தனியே பெயரிட்டு வையுங்கள். வண்ணத்துக்குப் புகைப்படத்தை நம்பாதீர்கள். வெயில்படாத மூலையிலிருந்து பெயர்த்த பூச்சுத் துண்டுதான் சரியான சாட்சி.