மருத்துவப் படிப்பு விண்ணப்பம்: பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கும் வேலை

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். நீட் முடிந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. "டீச்சர், எப்போ அப்ளை பண்ணணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். 2025இல் நீட் முடிவு ஜூன் 14ஆம் தேதி வந்தது. மாநில மருத்துவ விண்ணப்பமோ அதற்கு ஒரு வாரம் முன்பே திறந்துவிட்டது. மதிப்பெண் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள், கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் தேடி அந்த இரண்டு மூன்று வாரமும் ஓடினார்கள்.

இங்கே யாரும் கட்டுரை எழுதித் தரச் சொல்வதில்லை, நேர்காணலும் கிடையாது. ராங்க் போடுவது நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். ஆனால் அந்த மதிப்பெண் எந்தெந்தப் பட்டியலில் ஏறும் என்பதைக் காகிதம்தான் முடிவு செய்கிறது. இரண்டு வருடம் ராத்திரி பகலாகப் படித்த பிள்ளைக்குச் சேர வேண்டிய இடம், ஒரு சான்றிதழ் இல்லாததால் கைநழுவக் கூடாது. வலுவான விண்ணப்பம் என்று நான் சொல்வது இதைத்தான்.

முதலில் பெயரைப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கௌசல்யா மு', ஆதாரில் 'கௌசல்யா முருகன்', சாதிச் சான்றிதழில் 'மு. கவுசல்யா' என்று இருக்கும். தமிழில் படித்தால் எல்லாம் ஒரே பிள்ளைதான். ஆங்கிலத்தில் ஒன்றில் 'கே-ஓ-டபிள்யூ' என்றும் இன்னொன்றில் 'கே-ஏ-யூ' என்றும் தொடங்கினால் கணினிக்கு அவை இரண்டு பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் திருத்துவது தேர்வுத் துறை வரை போகும் வேலை, மாதக் கணக்கில் இழுக்கும். ஆதாரைத் திருத்துவது அதைவிடச் சுலபம். அதனால் மற்ற எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுங்கள். உங்கள் பிள்ளை இன்னும் பத்தாம் வகுப்பில்தான் இருக்கிறது என்றால், பெயர்ப் பட்டியலில் கையெழுத்து வாங்கப் பள்ளியில் கூப்பிடும் நாளன்று அவசரப்படாதீர்கள். எழுத்து எழுத்தாக, இனிஷியல், பிறந்த தேதி வரை விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது ஃபைல். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் மருத்துவம் என்று கை தூக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல் கொடுத்துவிடுவேன். அதில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இருக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் பின்னால் வந்து சேரும். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய்தான், ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாகப் போய்வர நாளாகும். ஜூனில் ஊரே அங்கே நிற்கும். அக்டோபரில் போனால் கூட்டம் இருக்காது. வருமானச் சான்றிதழை மட்டும் விண்ணப்ப வருடத்தில் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு வகுப்பாவது வெளி மாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழும் கண்டிப்பாகக் கேட்பார்கள். எங்கள் பக்கம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்களில் இது அடிக்கடி வரும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு காகிதம் எல்லாவற்றையும்விட முக்கியம். மாநில மருத்துவ இடங்களில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் சேரலாம். படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வேண்டும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று தலைமை ஆசிரியர்களையும் பார்த்தாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணோடு அவள் ஆறு, ஏழு படித்த நடுநிலைப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியர் பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். அட்டை பிய்ந்து நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மேசையில் விரித்துப் பக்கம் பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பெயர் கிடைத்தது, ஆனால் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தா பெயர். சேர்க்க வந்தவர் தாத்தா, அவர் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவள் அம்மா நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், புடவைத் தலைப்பில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. "இதனால சீட் போயிடுமா டீச்சர்? எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றார். போகவில்லை. அது நவம்பர் மாதம், ஆதாரங்களைக் கொடுத்துச் சரிசெய்ய எங்களுக்கு நேரம் இருந்தது. இதே பிழை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று கண்ணில் பட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

நீட் விண்ணப்பம் பிப்ரவரி வாக்கில் வரும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாலும் பிள்ளையே தட்டச்சு செய்யட்டும். மின்னஞ்சலும் போன் எண்ணும் வீட்டாருடையதாகவே இருக்க வேண்டும், ரீசார்ஜ் போடாமல் செத்துப்போகும் எண்ணைக் கொடுக்காதீர்கள். என் மாணவன் ஒருவனுக்கு சென்டர்காரர் அவசரத்தில் தன் எண்ணையே போட்டுவிட்டார். கலந்தாய்வு நேரத்தில் ஓடிபி அவர் போனுக்குப் போனது, அவரோ குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். ஒரு நாள் முழுக்க அந்தப் பையன் சாப்பிடாமல் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். நல்ல வேளை, மறுநாள் வரை அவகாசம் இருந்தது.

புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், இரண்டு காதும் தெரிய இருக்க வேண்டும். பாஸ்போர்ட் அளவில் மட்டுமல்ல, தபால் அட்டை அளவிலும் எடுத்து வையுங்கள். கையெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போடக்கூடாது. வினாத்தாள் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் தேவை. தமிழ் என்று கொடுத்தால் ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஆகவே தமிழ் வழிப் பிள்ளைகள் தமிழையே தேர்ந்தெடுக்கட்டும், கூடவே அறிவியல் சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்ளட்டும்.

அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அங்கே நம்முடைய பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ், அதுவும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 7.5 சதவீதம் மாநில இடங்களுக்கு மட்டும்தான்.

மாநில விண்ணப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபைல் தயாராக இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் தகவல் தொகுப்பேட்டை, மருத்துவச் சேர்க்கையை நடத்தும் மாநிலத் தேர்வுக் குழுவின் இணையதளத்திலிருந்து இறக்கி முழுவதும் படியுங்கள், விதிகள் வருடா வருடம் மாறுகின்றன. அரசு ஒதுக்கீட்டுக்கும் தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி. ஸ்கேன் செய்யும்போது கை நிழல் விழுந்த போட்டோ வேண்டாம். 'சமர்ப்பி' என்பதை அழுத்தும் முன், பிள்ளை ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிக்க, வீட்டில் ஒருவர் அசல் சான்றிதழைப் பார்த்துச் சரி சொல்லட்டும். நாங்கள் பள்ளியில் இப்படித்தான் செய்கிறோம், வருடத்துக்கு நாலைந்து பிழையாவது அகப்படும்.

அப்புறம், கலந்தாய்வில் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவது. இதில்தான் நன்றாகப் படித்த பிள்ளைகளும் பயத்தில் தப்பு செய்கிறார்கள். "எனக்கு எப்படியும் சென்னை கிடைக்காது, அதை எதுக்கு மேல போடணும்?" என்பார்கள். போட்டால் எதுவும் குறையாது. உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். அதனால் எதில் படிக்க ஆசையோ அந்த வரிசையில் எழுதுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1835இலிருந்து இருக்கிறது, கிருஷ்ணகிரி, நாமக்கல் போன்ற 11 கல்லூரிகள் 2022இல்தான் தொடங்கின. பழைய கல்லூரியில் நோயாளிகளின் கூட்டம் அதிகம், கற்றுக்கொள்ள நிறைய கிடைக்கும். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இந்தப் பிள்ளை தாக்குப்பிடிக்கும் என்று தோன்றினால் அதுவும் நியாயமான காரணம்தான், தர்மபுரியை மேலே போடச் சொல்லியிருக்கிறேன். 7.5 சதவீதத்தில் வருபவர்கள் தனியார் கல்லூரிகளையும் விடாமல் எழுத வேண்டும், கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2020இல் அந்த அறிவிப்பு வருவதற்குள் பணம் கட்ட முடியாது என்று சில பிள்ளைகள் இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள், அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பட்டியலை முந்தின நாளே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, குடும்பத்தோடு பேசி முடித்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. கால்நடை மருத்துவம், நர்சிங், பெரும்பாலான துணை மருத்துவப் படிப்புகளுக்கு இங்கே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. சித்தா படிப்புக்கு நீட் வேண்டும், விண்ணப்பமும் வேறு. எல்லாவற்றுக்கும் அந்தந்த நேரத்தில் போட்டு வையுங்கள். இடையில் வேறு கல்லூரியில் சேர்ந்தால் அசல் மாற்றுச் சான்றிதழை அங்கே வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றிலும் பத்துப் பத்து நகல் எடுத்துவிடுங்கள். அசலைப் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் ஒரு சீட்டு வாங்குங்கள். மருத்துவ இடம் வந்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று சேரும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு கல்லூரியில் சேர ஒரு வாரம்கூடக் கிடைக்காமல் போகலாம், அந்த நாட்களில் அசலுக்காக அலைய முடியாது.