கத்தோலிக்கப் பள்ளி நமக்குள் விட்டுச் சென்றதைக் கணக்கெடுப்பது எப்படி

கத்தோலிக்கப் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் படித்து வெளியேறிய ஒருவரிடம், அப்பள்ளி உங்களுக்கு என்ன தந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ‘ஒழுக்கம்’ என்ற ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். அந்தச் சொல் பொய்யில்லை. ஆனால் நேரந்தவறாமை, திருத்தமான கையெழுத்து, பிறர் துன்பத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியாத மனம், ஓய்வெடுத்தாலே உறுத்தும் குற்ற உணர்வு என ஒன்றோடொன்று ஒட்டாத பலவும் அந்த ஒரு மூட்டைக்குள் கிடக்கின்றன. மூட்டையை அவிழ்க்காமலே சுமப்பவர், நல்லதையும் கெட்டதையும் பிரிக்காமல் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அவிழ்த்துப் பார்ப்பதற்கு ஒரு வழியை, அத்தகைய பள்ளியில் படித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். கத்தோலிக்கராக இருப்பவர், இருந்து விலகியவர், ஒருபோதும் கத்தோலிக்கராக இல்லாமல் அங்கே படித்தவர் என எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் உங்கள் பள்ளியை நடத்திய துறவற சபை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. இயேசு சபையினர் 1548-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் பொது மாணவர்களுக்கான கல்லூரியைத் தொடங்கி, 1599-இல் ‘ராசியோ ஸ்துதியோரும்’ என்ற கல்வித் திட்டத்தை வெளியிட்டபோது, மாணவருக்கிடையிலான போட்டியை ஒரு கற்பித்தல் முறையாகவே அதில் அமைத்தார்கள். வகுப்பை உரோமர், கார்த்தேஜியர் என இரண்டு அணிகளாகப் பிரித்து வினாவிடையில் மோதவிட்ட பள்ளிகளும் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஏழைச் சிறுவர்களுக்காகப் பள்ளிகளை நிறுவிய புனித லசால், இலத்தீனில் அல்லாமல் தாய்மொழியிலேயே முதலில் வாசிக்கக் கற்பிக்கச் செய்தார். அவருடைய வகுப்பறைகளில் ஆசிரியர் வாயைத் திறப்பதே குறைவு. கையிலுள்ள ஒரு சிறு கருவியைத் தட்டி ஓசையெழுப்பியும் சைகை காட்டியும் வகுப்பை நடத்துவார். சலேசிய சபையை நிறுவிய இத்தாலியக் குரு தொன் போஸ்கோ 1877-இல் எழுதிவைத்த முன்தடுப்பு முறையோ அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றின்மீது நிற்பது. தவறிய பின் தண்டிப்பதைவிடத் தவறாதபடி மாணவரோடு உடனிருப்பதே ஆசிரியரின் கடமை என்பதால், சலேசிய ஆசிரியர் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகளோடு இருந்தாக வேண்டும்.

இந்தத் தேடல் வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் அலுவலகக் கூட்டத்தில்கூடத் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடாமல் இருக்க முடியாத ஒருவர், அந்தப் பழக்கத்துக்கு நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு பாடத்திட்ட வரலாறு உண்டு என்று அறியும்போது, அதைத் தம் பிறவிக் குணம் என்று நம்புவதை நிறுத்துகிறார். ஒருவர் ஏற்படுத்திய பழக்கத்தை இன்னொருவர் மாற்றவும் முடியும். படித்த காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடித் திருச்சபையில் மாற்றங்களைக் கொண்டுவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–1965) முன், சமய போதனையான ஞானோபதேசத்தை வினாவிடையாக மனப்பாடம் செய்த தலைமுறையின் நினைவும், அதற்குப் பின் படித்தவர்களின் நினைவும் ஒன்றாக இருக்காது.

அடுத்து, ஒரு வாரத்துக்கு உங்கள் உடலைக் கவனியுங்கள். கருத்துகளைவிடப் பழக்கங்களே நீண்ட காலம் உயிரோடு இருக்கும் என்பது என் அனுபவம். எங்கள் பள்ளியில் நண்பகல் மணி ஒலித்தால், கணக்குப் பாடம் நடத்தும் அருட்சகோதரி கரும்பலகையில் சமக்குறி போட்ட கையோடு நின்றுவிடுவார். சாக்கட்டி பலகையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி அந்தரத்தில் நிற்கும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மணியோசையோடு சொல்லப்படும் மூவேளைச் செபம் முடிந்ததும் அதே குறியின் வலப்புறத்திலிருந்து விடை தொடரும். நான் செபத்தைச் சொல்வதை விட்டு நெடுநாளாகிவிட்டது. ஆனாலும் எங்காவது பன்னிரண்டு மணி அடித்தால் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. இத்தகைய பழக்கங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றும் இன்று உங்களுக்கு என்ன செய்கிறது என்பதை மட்டும் பக்கத்தில் குறியுங்கள். நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியை இப்போது எடுக்க வேண்டாம். அதை நுழைத்தால் கணக்கெடுப்பு வழக்காடலாகிவிடும்.

எழுதியதைச் சீர்தூக்க, இயேசு சபையின் நிறுவனரான புனித இஞ்ஞாசியார் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில் தந்த ஆன்ம சோதனையையே பயன்படுத்தலாம். பெற்றவற்றுக்கு நன்றி, உண்மையைக் காண அருள் வேண்டுதல், நடந்ததை மணிக்கு மணி திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், திருத்திக்கொள்ளும் உறுதி என அதற்கு ஐந்து படிகள் உண்டு. நம்பிக்கையற்றவர் இரண்டாம் படியை, தம்மிடம் தாம் பொய் சொல்லாதிருக்கும் தீர்மானமாகக் கொள்ளலாம். அன்றாட நாளை ஆராய்வதற்காக ஏற்பட்ட இம்முறையைப் பள்ளி ஆண்டுகளின்மீது, ஓர் அமர்வுக்கு ஒரு வகுப்பு என்ற அளவில் செலுத்துங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். குறையில் தொடங்கினால் நன்றிக்கு வந்துசேர்வதே இல்லை.

இனி மிகக் கடினமான இடம். பழைய மாணவர் பலரையும் வருத்துவது, பொறுப்புணர்வும் குற்ற உணர்வும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடப்பது. கூர்ந்த மனசாட்சியைப் பள்ளி தந்த பெரும் செல்வமாகவே நான் கருதுகிறேன். ஆனால் அது தேவையற்ற இடத்தில் குத்தத் தொடங்கினால் வாழ்வைத் தின்றுவிடும். இந்நோய்க்கு இறையியலில் வழங்கும் ‘ஸ்க்ரூபுலுஸ்’ என்ற இலத்தீன் பெயருக்கே கூர்மையான சிறு கல் என்று பொருள். காலணிக்குள் புகுந்து ஒவ்வோர் அடியிலும் உறுத்தும் கல்லை நினைத்துக்கொள்ளலாம். இஞ்ஞாசியாரே 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா நகரில் இதனால் வதைபட்டார். பாவங்களை எழுதிக் கொடுத்தும், மீண்டும் மீண்டும் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி கிடைக்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போய், இறுதியில் பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்த பிறகே மீண்டார். தரையில் சிலுவை வடிவாகக் கிடந்த வைக்கோல்களைத் தற்செயலாக மிதித்துவிட்டுப் பாவம் செய்தோம் என்று எண்ணுவது தவறான தீர்ப்பு என்று பின்னாளில் எழுதியவரும் அவரே. ஆகவே ஓர் உறுத்தல் எழும்போது மூன்றைக் கேளுங்கள்: இதனால் யாருக்குத் தீங்கு நேர்ந்தது? அதைச் சரிசெய்ய நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? செய்துவிட்டால் இது அடங்குமா? முதல் கேள்விக்கு ஒருவர் பெயர்கூட வராவிட்டால், உங்கள் காலடியில் இருப்பது வைக்கோல்தான். எதைச் செய்தும் அடங்காத உறுத்தல் அன்றாட வாழ்வையே முடக்குமானால், மனநல மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள்.

தொண்டு மனப்பான்மையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். 1973-இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில், இயேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்களிடையே பேசிய அச்சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே, உங்களை நீதிக்காக வாழப் பழக்கினோமா என்று தாமே கேட்டு, இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்ற அறைகூவலும் அவ்வுரையில் எழுந்ததுதான். ஏழைக்கு உதவும்போது உங்களுக்குக் கிடைக்கும் நிறைவு, அவர் ஏன் ஏழையாக இருக்கிறார் என்ற கேள்வியை மறைத்துவிடுகிறதா என்று பாருங்கள்.

பள்ளியில் அடியோ அவமானமோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்களுக்கு, மேலே சொன்ன நன்றியில் தொடங்கும் வரிசை பொருந்தாது. அவர்களிடம் நன்றியை எதிர்பார்க்கும் உரிமை எவருக்கும் இல்லை. துறவற சபைகள் நடத்திய சிறுவர் நிறுவனங்களில் நடந்த கொடுமைகளை அயர்லாந்தின் விசாரணை ஆணையம் 2009-இல் பதிவு செய்தது; கனடாவின் பூர்வகுடிகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் நிகழ்ந்தவற்றுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022-இல் அங்கேயே சென்று மன்னிப்புக் கேட்டார். உங்களுக்கு நடந்ததை நம்பகமான ஒருவரிடம் சொல்வதும், விரும்பினால் சட்டத்தின் துணையை நாடுவதும்தான் இங்கே முதல் படி. கணக்கெடுப்பு எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

மற்றவர்கள் இறுதியாக ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த ஆசிரியரின் குரல் இன்னும் உங்களுக்குள் கேட்கிறதோ அவருக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே, தபாலில் அனுப்புங்கள். பொதுவான பாராட்டு வேண்டாம். எந்த நாளில், எந்த வகுப்பில், என்ன சொன்னார், அது எங்கே வந்து உதவியது அல்லது புண்படுத்தியது என்று குறிப்பாக எழுதுங்கள். நான் அந்தக் கணக்கு ஆசிரியைக்கு, சமக்குறியோடு நின்ற கையைப் பற்றி எழுதினேன். முதியோர் இல்லத்திலிருந்து நடுங்கும் எழுத்தில் நான்கு வரிப் பதில் வந்தது: அப்படி நின்றது தமக்கே நினைவில்லை என்றும், அன்று பலகையில் இருந்த கணக்கு என்னவென்று எனக்கு ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.