பழைய நாயகிகளின் சாயல்: நிறத் தேர்விலிருந்து ஜாக்கெட் வெட்டு வரை

1950, 60களின் படங்களைப் பார்த்து அந்தச் சாயலில் உடுத்த ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் புடவைக் கடைக்குப் போகிறார்கள். போக வேண்டியது தையல்காரரிடம். புடவை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் துணிதான். காலம் மாறியது ஜாக்கெட்டில்: கை எங்கே முடிகிறது, கழுத்து எவ்வளவு இறங்குகிறது, கீழ்விளிம்பு இடுப்பில் எங்கே நிற்கிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் விலை குறைந்த கைத்தறிப் புடவையிலும் அந்தக் காலம் தெரியும். தவறினால் பாட்டியின் கல்யாணப் பட்டைக் கட்டினாலும் தெரியாது.

யாரை மாதிரியாக வைப்பது

ஒரே ஆள், ஒரே பத்தாண்டு, நான்கைந்து படங்கள் போதும். சாவித்திரியின் கை, சரோஜாதேவியின் கொண்டை, எழுபதுகளின் பெரிய பொட்டு என்று ஒன்றாகக் கலந்தால் மாறுவேடப் போட்டிக்குக் கிளம்பியதுபோல் ஆகிவிடும். எடுத்த படங்களில் முகத்தை மறந்துவிட்டு நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கையின் நீளம், முன்கழுத்தும் பின்கழுத்தும், ஜாக்கெட்டின் கீழ்விளிம்பு, தலை வகிடு.

பொதுவாகச் சொன்னால், 1940களின் இறுதியிலும் 50களின் தொடக்கத்திலும் பஃப் கையும் முழங்கையை நெருங்கும் கையும் அதிகம். ஜாக்கெட் நீளமாக இருக்கும். 60களில் கை குறுகி, உடலோடு ஒட்டிய வெட்டு வந்தது, தலைமுடி உயர்ந்தது. 70களில் கையில்லாத ஜாக்கெட், நைலக்ஸ் என்ற மெல்லிய நைலான் புடவை, பெரிய பூப்போட்ட அச்சு.

சினிமாவைவிட நல்ல மாதிரி பல வீடுகளில் சுவரிலேயே மாட்டியிருக்கும். ஸ்டூடியோவில் எடுத்த பாட்டியின் படத்தைச் சொல்கிறோம். நடிகையின் உடை கேமராவுக்காகத் தைத்தது; பாட்டியுடையது ஊர்த் தையல்காரர் தைத்து, அவர் நாள் முழுக்கப் போட்டு நடமாடியது. உடல்வாகும் பெரும்பாலும் நமக்கு நெருங்கியதாக இருக்கும் என்பதால் அந்த அளவு நமக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம்.

நிறம்: முதலில் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்

தமிழில் முழுநீள வண்ணப்படம் 1956இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறைய வந்தன. ஆகவே நாம் ரசித்த அந்தப் புடவைகளில் பலவற்றின் நிறமே நமக்குத் தெரியாது. கண்ணைக் கவர்ந்தது அடர்த்திக்கும் வெளிறலுக்கும் இடையிலான வேறுபாடு. இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். புடவையையும் ஜாக்கெட் துணியையும் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால், நேரில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்தச் சேர்க்கையில் பழைய சாயல் வராது. சிவப்பும் பச்சையும் பல நேரம் இப்படித்தான் ஏமாற்றும். ஒன்றை இரண்டு படி அடர்த்தியாக்குங்கள்.

நிறத்தின் பெயரை நெசவு ஊர்களிலிருந்து எடுப்பது நல்லது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வாடாமல்லி, வெங்காயத்தோல், கத்திரிப்பூ, பாக்கு நிறம், கிளிப்பச்சை என்று கேட்டால் கடைக்காரர் சரியான அடுக்கிலிருந்து உருவுவார். 'மெரூன் மாதிரி, ஆனா மெரூன் இல்ல' என்றால் இருபது புடவை விரிப்பார், எதுவும் பிடிக்காது. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காக நெய்த நீலம் இன்றும் 'எம்.எஸ். புளூ' என்றே விற்கிறது. 1961இல் வந்த படத்தின் பெயரைச் சுமக்கும் 'பாலும் பழமும்' கட்டம் போட்ட புடவையையும் பெயர் சொல்லியே கேட்கலாம்.

பிடித்த நிறம் முகத்துக்கு ஒத்து வருவதில்லை என்பது பலரின் குறை. அந்த நிறத்தைக் கைவிட வேண்டாம், இடம் மாற்றினால் போதும். முகத்தை ஒட்டி இருப்பவை ஜாக்கெட்டும் தோளில் கிடக்கும் முந்தானையும்தான். கொசுவம் முகத்திலிருந்து வெகுதூரம். ஒத்து வராத நிறம் புடவையின் உடலில் இருக்கட்டும், ஒத்து வருவது ஜாக்கெட்டில் இருக்கட்டும். சோதிக்கும் இடம் வீட்டு வாசல், நேரம் காலை ஒன்பது பத்து மணி. நேர் வெயில் வேண்டாம். கடையின் மஞ்சள் விளக்கில் அரக்கும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். கரும்பச்சையும் கறுப்பும் அப்படித்தான்.

பழைய வழக்கம் ஒன்று உண்டு: ஜாக்கெட் நிறத்தைப் புடவையின் உடலிலிருந்து எடுக்காமல் கரையிலிருந்து எடுப்பது. கோர்வைப் புடவையில் கரை தனி நிறமாகக் கோக்கப்பட்டிருப்பதால் இது இயல்பாகவே அமையும். அரக்கு, பாட்டில் பச்சை, கறுப்பு ஆகிய மூன்றில் டூ பை டூ ரூபியா (மெல்லிய ஜாக்கெட் துணி) ஜாக்கெட் இருந்தால் வீட்டிலுள்ள பாதிப் புடவைகளைச் சமாளித்துவிடலாம். கரையோடு அப்படியே பொருந்தும் நிறம் கிடைக்காதபோது கிட்டத்தட்ட ஒத்த நிறத்தை எடுக்காதீர்கள். அரை நிழல் விலகினால் பிழைபோலத் தெரியும். இரண்டு நிழல் அடர்த்தியாக எடுத்தால் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும்.

ஜாக்கெட்

தையல்காரரிடம் அளவு ஜாக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் திரும்பி வருவது அதே ஜாக்கெட்தான், வேறு துணியில். படத்தைக் காட்டுவதும் போதாது. எண்ணாகச் சொல்ல வேண்டும். நடுத்தர உடல்வாகுக்கு 50களின் ஜாக்கெட் என்றால் தொடங்கும் அளவுகள் இவை:

- முன்கழுத்து ஆழம் 5 முதல் 5½ அங்குலம், பின்கழுத்து 3 முதல் 4.
- தோள் பட்டையின் அகலம் 3½ முதல் 4 அங்குலம்.
- மொத்த நீளம், வழக்கமாக நீங்கள் தைப்பதைவிட 1 முதல் 2 அங்குலம் கூடுதல்.
- கை நீளம் தோள் எலும்பிலிருந்து 9 முதல் 10½ அங்குலம், முழங்கைக்கு ஒரு அங்குலம் மேலே முடிய வேண்டும்.

கை நீளத்தைக் கையை மடக்கி வைத்து அளக்கச் சொல்லுங்கள். நீட்டி அளந்தால் தைத்த பிறகு மடக்கும்போது விளிம்பு முழங்கை மடிப்பில் போய் அறுக்கும். கைச் சுற்றளவில் பருத்திக்கு ஒரு அங்குலமும் பட்டுக்கு ஒன்றரையும் தளர்வு வேண்டும். பட்டு கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. இறுக்கினால் அக்குளில்தான் முதலில் கிழியும்.

இப்போதைய ஜாக்கெட்டுகளில் பின்கழுத்து எட்டு, பத்து அங்குலம் இறங்குவதால் தோளின் சரிவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பின்கழுத்தை மூன்று அங்குலத்துக்கு உயர்த்தியதும் அந்தக் கணக்கு முன்னால் வந்து நிற்கும். சரிவு போதாவிட்டால் கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்பு விழும். கழுத்தை வெட்டி இறக்குவது இதற்கு மருந்தாகாது. தோள் தையலைப் பிரித்து, கைப் பக்கம் கால் அல்லது அரை அங்குலம் இறக்கித் தைத்தால் சரியாகும். நீளம் கூட்டும்போதும் ஒரு சிக்கல் வரும். கீழ்விளிம்பு இப்போது வேறு இடத்தில் நிற்பதால் சுற்றளவை அந்த இடத்தில் புதிதாக அளக்க வேண்டும். பழைய பட்டி அளவையே வைத்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் ஜாக்கெட் மேலேறும், திரும்ப இறங்காது.

பஃப் கைதான் அதிகம் கெடுவது. கையின் மேல் வளைவில் அகலம் 3 முதல் 4 அங்குலமும், உயரம் 1 முதல் 1½ அங்குலமும் கூட்ட வேண்டும். சுருக்கு முழுவதும் தோள் உச்சியின் இருபுறமும் மூன்று மூன்று அங்குலத்துக்குள் நிற்கட்டும். அதைத் தாண்டி முன்பக்கம் இறங்கினால் மார்பு அகன்று தெரியும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது தோள் பட்டையை அரை அங்குலம் உள்ளே வாங்குவது. வாங்காவிட்டால் பஃப் தோள் மேல் உட்காராது, சரிந்து கையில் தொங்கும். கீழ்ப் பட்டி ஒரு அங்குல அகலம், கைச் சுற்றளவோடு அரை அங்குலம் தளர்வு. ரூபியா தானாக நிற்காது. உள்ளே அதே அளவில் ஆர்கன்சா அல்லது விறைப்பான வலைத்துணித் துண்டு வையுங்கள். அது தோலில் குத்தாமலிருக்க லைனிங்குக்கு மேலே வர வேண்டும்.

துணிக் கணக்கு: கடையில் மடித்து விற்கும் 80 சென்டிமீட்டர் துண்டு குட்டைக் கைக்குத்தான் வரும். 36 அங்குல அகலத் துணியில் முழங்கை வரையான கைக்கு 1 மீட்டர், பஃப் கைக்கு 1¼ மீட்டர் எடுங்கள். ரூபியாவையும் பருத்தி லைனிங்கையும் வெட்டுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவைத்துத் தேய்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி வெளித்துணி உப்பி நிற்கும். இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் உள்தையல் விடச் சொல்லுங்கள்.

முதல் ஜாக்கெட்டைக் காடாத்துணியில் தைத்துப் பார்ப்பது சிலருக்கு வீண்செலவாகத் தோன்றும். பட்டில் தவறினால் ஊசித் துளைகூட மறையாது என்பதை நினைத்தால் அப்படித் தோன்றாது. அந்தக் காடா ஜாக்கெட்டே பிறகு உங்கள் அளவு ஜாக்கெட்.

புடவை, தலை, கண்

60களின் ஒட்டிய கட்டுக்கு ஜார்ஜெட், சிஃபான், நைலக்ஸ்தான் சரி. காஞ்சிப் பட்டு விறைப்பானது. இறுக்கிச் சுற்றினால் இடுப்பில் விலகி நிற்கும். உள்பாவாடை இடுப்பில் ஒட்டிக் கீழே மட்டும் விரியட்டும். சுருக்கு நாடா வைத்ததாக இருந்தால் சுருக்கை இரு பக்கமும் தள்ளி, முன்வயிற்றில் துணி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயர்ந்த கொண்டைக்கு முதல் நாளே தலை குளித்திருக்க வேண்டும். எண்ணெய்த் தலையில் நிற்காது. உச்சியில் நான்கைந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வரை மட்டும் பின்னோக்கிச் சீவி, மேல் அடுக்கை வழவழப்பாகப் படியச் சீவி மூடுங்கள். கொண்டை வலை போட்டால் மாலை வரை தாங்கும். கண்ணுக்கு மேல் இமையில் மட்டும் கோடு, வெளிமுனையைத் தாண்டி அரை சென்டிமீட்டர், மேல்நோக்கி. கீழ் இமையிலும் தடித்த மை போட்டால் அது வேறு பத்தாண்டு.

ஜாக்கெட், தலை, கண், நகை ஆகியவற்றில் ஒரே நேரத்தில் இரண்டை மட்டும் பழைய காலத்திலிருந்து எடுங்கள். எம்.எஸ். பல பத்தாண்டுகள் மேடையில் அதே காஞ்சிப் பட்டு, தலையில் பூ, குங்குமம், இருபக்க வைர மூக்குத்தி என்றே இருந்தார். அவருக்கு அது வேஷமாக இல்லை, அன்றாடமாக இருந்தது.

பாட்டியின் பட்டைக் கட்டுமுன்

மடிப்பு விழுந்த இடங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைப் புள்ளிகளாக ஒளி தெரிந்தால் பட்டு அங்கே அறத் தொடங்கிவிட்டது. அந்தப் புடவையைக் கட்டி உட்கார்ந்து எழுந்தால் நேர்க்கோட்டில் கிழியும். முந்தியும் கரையும் நன்றாக இருந்தால் அவற்றை எடுத்து ஜாக்கெட் கைக்கும் முதுகுக்கும் பயன்படுத்தலாம்; பின்னால் மெல்லிய மல்மல் பருத்தித் துணி வைத்துத் தைத்தால்தான் தாங்கும்.

கட்டலாம் என்ற நிலையில் இருந்தால் நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். சென்ட் அடிப்பதாக இருந்தால் புடவை கட்டுமுன் உடம்பில் அடித்து உலரவிடுங்கள். சரிகையில் பட்டால் கறுக்கும். பாச்சை உருண்டையையும் சரிகையோடு ஒட்டி வைக்காதீர்கள். தோளில் ஊக்குக் குத்துமுன் புடவைக்கு அடியில் இரண்டு அங்குலச் சதுரமாக ஒரு பருத்தித் துண்டை வைத்து, அதோடு சேர்த்து ஜாக்கெட்டில் குத்துங்கள். இழுப்பைத் துண்டு வாங்கிக்கொள்ளும். அவிழ்த்ததும் வியர்வை காயும்வரை தொங்கவிட்டு, பிளாஸ்டிக் உறை தவிர்த்து, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். முந்தைய மடிப்பிலிருந்து நான்கு விரல் தள்ளி மடித்தால் போதும்.