அமெரிக்காவில் திருச்சபை சார்ந்த கிரெடிட் யூனியனில் சேர்வது எப்படி?

அமெரிக்காவில் ஆலயங்களின் வார அறிக்கைகளில், அந்தத் திருச்சபையாருக்கென்று நடத்தப்படும் கிரெடிட் யூனியனின் விளம்பரத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஊரில் கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இதன் அமைப்பு புதிதாக இராது. பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராகிறோம். உறுப்பினர்கள் போடும் சேமிப்பே மற்ற உறுப்பினர்களுக்குக் கடனாகச் செல்கிறது. ஆனால் ஆலயத்தின் பெயர், அதில் யார் சேரலாம் என்பதைத்தான் சொல்கிறதே தவிர, போட்ட பணம் பத்திரமாக இருக்குமா என்பதைச் சொல்வதில்லை. புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால், அதை மனத்தில் வைத்தே இந்தப் படிகளை அமைத்திருக்கிறேன்.

இந்த அமைப்பு வந்த வழி

கனடா நாடாளுமன்றத்தில் பிரெஞ்சு உரைகளைப் பதிவு செய்யும் பணியில் இருந்த அல்போன்ஸ் டெஜார்டன், கடுவட்டி பற்றி அங்கே நடந்த விவாதத்தைக் கேட்டு, ஐரோப்பியக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, 1900 டிசம்பரில் கியூபெக்கின் லெவி நகரில் ஒரு மக்கள் சேமிப்புச் சங்கத்தை நிறுவினார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், பஞ்சாலைகளில் வேலை செய்த பிரெஞ்சுக் கனடியக் குடும்பங்களின் பங்குத்தந்தையாக இருந்த பியர் ஹெவி அவருடைய உதவியை நாட, 1908இல் புனித மரியா ஆலயத்தைச் சார்ந்து அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன் தொடங்கியது. அது இன்றும் இயங்குகிறது. நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் 1934இல்தான் வந்தது; ஆக, இந்த நாட்டில் சட்டத்துக்கு முன்பே ஆலயம் வந்துவிட்டது.

முதற்படி: சேரும் தகுதி உண்டா?

வங்கியில் யாரும் கணக்குத் தொடங்கலாம். கிரெடிட் யூனியனிலோ, அதன் சாசனத்தில், அதாவது அரசு தரும் அனுமதிப் பத்திரத்தில், வரையறுக்கப்பட்ட வட்டத்துக்குள் இருப்பவர் மட்டுமே சேர முடியும். அந்த வட்டம் ஒரே ஆலயமாகவோ, ஒரு மறைமாவட்டமாகவோ, ஒரு சபைப் பிரிவின் எல்லா ஆலயங்களாகவோ இருக்கலாம். சில இடங்களில் ஆலயத்துடன் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளும் சேர்ந்திருக்கும். இணையதளத்தில் "உறுப்பினர் தகுதி" என்ற பக்கத்தைப் படித்துவிட்டு, ஐயம் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். ஆலயத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டுமா, வழிபாட்டுக்கு வந்தாலே போதுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பதிவு வேண்டுமென்றால் ஆலய அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரின் மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினரும் வழக்கமாகச் சேரலாம்.

இரண்டாம் படி: காப்பீடு இருக்கிறதா?

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிச் செல்லக் கூடாது. கூட்டாட்சிச் சாசனம் பெற்ற எல்லாக் கிரெடிட் யூனியன்களும், மாநிலச் சாசனம் பெற்றவற்றில் பெரும்பாலானவையும், என்சியுஏ எனப்படும் கூட்டாட்சி மேற்பார்வை அமைப்பு நடத்தும் காப்பீட்டு நிதியின்கீழ் வருகின்றன. அதன்படி ஓர் உறுப்பினரின் தனிநபர் கணக்குகளுக்கு மொத்தம் 2,50,000 டாலர் வரை காப்பீடு உண்டு; கூட்டுக் கணக்குகளில் ஒவ்வொருவரின் பங்குக்கும் தனியே 2,50,000 டாலர் வரை உண்டு. வங்கி வைப்புகளைக் காப்பீடு செய்யும் கூட்டாட்சி அமைப்பான எஃப்டிஐசி தரும் அளவும் இதுவே. மாநிலச் சாசனம் பெற்ற சில நிறுவனங்கள் தனியார் காப்பீட்டை மட்டும் வைத்திருக்கின்றன. அதற்கு அமெரிக்க அரசின் உத்தரவாதம் கிடையாது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. பல சபைப் பிரிவுகள், புதிய ஆலயங்கள் கட்டுவதற்காக "சர்ச் எக்ஸ்டென்ஷன் ஃபண்ட்" என்ற பெயரில் விசுவாசிகளிடம் பணம் திரட்டிக் கடன் பத்திரம் தருகின்றன. வட்டி சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். நோக்கமும் நல்ல நோக்கமே. ஆயினும் அது முதலீடு, கிரெடிட் யூனியன் சேமிப்பு அன்று. என்சியுஏ காப்பீடும் அதற்கு இல்லை. இரண்டின் விளம்பரமும் ஒரே ஆலய வாசலில் கிடைக்கும்போது, முதிர்ந்த வயதினர் தங்கள் ஓய்வூதியச் சேமிப்பை வேறுபாடு தெரியாமல் மாற்றிப் போட்டுவிடக்கூடும் என்பதே என் கவலை.

மூன்றாம் படி: நிதிநிலையைப் பாருங்கள்

என்சியுஏ இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், காலாண்டு நிதி அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். கணக்கியல் தெரியாதவர்கள் நிகர மதிப்பு விகிதம் (மொத்தச் சொத்தில் நிறுவனத்தின் சொந்த மூலதனம் எத்தனை விழுக்காடு என்பது) என்ற ஒரே எண்ணைப் பார்த்தாலும் ஓரளவு தெளிவு கிடைக்கும். பொதுவாக அது 7 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால், நல்ல மூலதன வலு உள்ள நிறுவனம் என்று விதிகள் வகைப்படுத்துகின்றன. ஆலயங்களுக்கே கட்டடக் கடன் தரும் நிறுவனமாக இருந்தால், நிலுவையில் நிற்கும் கடன்களையும் ஒருமுறை பாருங்கள்.

நான்காம் படி: விண்ணப்பமும் முதல் பங்கும்

புகைப்பட அடையாள அட்டை, முகவரிச் சான்று, சமூகப் பாதுகாப்பு எண் அல்லது (அது இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும்) ஐடின் எண் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். அத்துடன் உறுப்பினர் பங்குக்கான தொகையைச் செலுத்த வேண்டும். பல இடங்களில் அது 5 டாலர் முதல் 25 டாலர் வரைதான். இது கட்டணம் அன்று. உங்கள் பெயரிலேயே இருக்கும் சேமிப்பு. நீங்கள் உறுப்பினராக இருக்கும்வரை அதை எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: கணக்கைப் பயன்படுத்துதல்

கடன் வட்டியாக வரும் வருமானத்தில் செலவையும் வாராக்கடனையும் கழித்து, ஒரு பகுதியைக் காப்பு நிதிக்கு ஒதுக்கியபின், மீதி பங்காதாயமாக உறுப்பினர்களுக்கு வருகிறது. பெயர் பங்காதாயம் என்றாலும், வருமான வரிக் கணக்கில் அதை வட்டி என்றே காட்ட வேண்டும்.

கடன் வாங்குவோருக்குத்தான் பயன் அதிகம் என்பது என் மதிப்பீடு. கூட்டாட்சிக் கிரெடிட் யூனியன்கள் பொதுவாக ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. சம்பள நாள்வரை தாக்குப்பிடிக்கச் சிலர் வாங்கும் பேடே கடனில், 100 டாலருக்கு இரண்டு வாரத்தில் 15 டாலர் கட்டணம் என்றால், ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 391 விழுக்காடு ஆகிறது. அதற்கு மாற்றாகச் சில கிரெடிட் யூனியன்கள் தரும் சிறுகடனின் ஒரு வகையில், ஒரு மாதம் உறுப்பினராக இருந்தவர் 200 முதல் 1,000 டாலர் வரை பெறலாம். இந்த வகைக்கு மட்டும் விதிவிலக்காக வட்டி உச்சவரம்பு 28 விழுக்காடு, விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் கூடாது. இந்தச் சிறுகடன் வழங்கப்படுகிறதா என்று சேரும்போதே கேட்டு வையுங்கள். முடைப்படும்போது விசாரிக்க நேரம் இருக்காது.

சிறிய நிறுவனங்களுக்குக் கிளைகள் குறைவு; செயலியும் பழையதாக இருக்கலாம். பிற கிரெடிட் யூனியன்களின் கிளைகளைப் பயன்படுத்தும் "ஷேர்ட் பிராஞ்சிங்" வசதி இருந்தால் அந்தக் குறை பாதி தீரும். இல்லையென்றால், சம்பளம் வரும் வங்கிக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, சேமிப்புக்கும் கடனுக்கும் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

ஆண்டுக் கூட்ட அறிவிப்பு வந்தால் போய் வாருங்கள். கணக்கில் 50 டாலர் வைத்திருப்பவருக்கும் 50,000 டாலர் வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்குதான். நிர்வாகக் குழுவில் இருப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத உறுப்பினர்களே. பின்னர் வேறு ஊருக்கோ வேறு ஆலயத்துக்கோ மாறினாலும், பல கிரெடிட் யூனியன்களில் உறுப்பினர் உரிமை தொடரும். ஆகவே அவசரப்பட்டு முதல் பங்கை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் உறுப்பினர் உரிமையும் முடிந்து, புதிய முகவரியிலிருந்து மீண்டும் தகுதியை நிரூபிக்க வேண்டியிருக்கும்.