வரலாற்று ஆய்வேடு: முதலில் கேள்வி, பிறகு ஆவணம்

முதுகலைமாணி ஆய்வேட்டைத் தொடங்கியதும் பலர் நேரே நூலகத்துக்கு ஓடிவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் கொப்பிகள் நிறைந்துவிடும். எதை எழுதுவது என்றுதான் தெரியாது. அந்த அவதி உங்களுக்கு வேண்டாம்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

'யாழ்ப்பாணப் புகையிலை' என்ற தலைப்புக்கு ஒரு வாழ்நாள் போதாது. அதைச் சுருக்கிப் பாருங்கள். எங்கள் புகையிலைக்குத் திருவிதாங்கூர் நெடுங்காலச் சந்தை. அங்கே புகையிலை வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்து, 1863இல் அந்த முறை நீக்கப்பட்டது. 'அதன்பின் வந்த பத்து ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்டால் இடம், காலம், ஆட்கள் மூன்றும் கைக்குள் வந்துவிடும். ஏற்றுமதிக் கணக்கு, அரசாங்க அதிபரின் அறிக்கை, அக்காலப் பத்திரிகை, காணி உறுதி என்று தேட வேண்டியவற்றையும் கேள்வியே காட்டிக்கொடுக்கும்.

படி 2: அருகிலிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில் முந்தைய ஆய்வேடுகளைப் புரட்டி, உங்கள் கேள்வியை வேறு யாரும் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 'நூலகம்' என்ற பெயருடைய இணையத்தளத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றைப் பார்த்து முடித்து, தேவையானவற்றைப் பட்டியலிட்ட பிறகே கொழும்பில் உள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் பஸ் ஏறுங்கள்.

படி 3: ஆவணத்தை விசாரியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஆய்வாளர் உருவாவதும் இங்கேதான். யார் எழுதினார், எப்போது, யாருக்காக? 'யாழ்ப்பாண வைபவமாலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதால் மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது என்பார்கள். யாழ்ப்பாண அரசோ 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. இடையில் நூறு ஆண்டுக்கு மேல். ஆகவே அரசர் காலத்துச் செய்தியை அந்த நூலை மட்டும் நம்பி எழுதக்கூடாது. ஆனால் ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தார் தங்கள் பழமையை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்று கேட்டால், அதைவிட நல்ல சாட்சி அரிது. கேள்வி மாறினால் சாட்சியின் பெறுமதியும் மாறும். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை'யை வாசிக்கும்போதும் அது அமெரிக்க மிஷனரிமாரின் பத்திரிகை என்பது மனத்தில் இருக்கட்டும்.

படி 4: பழைய எழுத்தைப் பழகுங்கள்

ஓலை ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருப்பதால் 'கா' என்பதைக் 'கர' என்று வாசித்துவிடுவோம். எண்களையும் பழகிக்கொள்ளுங்கள்: ௲௮௱௬௰௭ என்றால் 1867. காணி உறுதியில் 'பிரபவ ௵' (பிரபவ வருடம்) என்று மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். முத்திரையையும் உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயரையும் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

படி 5: குறிப்பெடுங்கள்

கொப்பியின் இடப்பக்கத்தில் ஆவணத்தின் சொற்கள், மேற்கோள் குறிக்குள், அது இருக்கும் கோவையின் (ஃபைலின்) இலக்கத்தோடும் பக்க எண்ணோடும். வலப்பக்கத்தில் உங்கள் எண்ணம். இரண்டும் கலந்தால் ஆறு மாதம் கழித்து எது யாருடைய வாக்கியம் என்று பிரிக்க முடியாது. தொலைபேசியில் படமெடுப்பதானால் முதற்படம் கோவையின் அட்டையாக இருக்கட்டும். இதைச் செய்யாததால் ஒரு வாரம் எடுத்த படங்கள் எல்லாம் எனக்குப் பயனற்றுப் போயின. எந்தப் பக்கம் எந்தக் கோவையைச் சேர்ந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

படி 6: பெரியவர்களிடம் போங்கள்

'எந்த ஆண்டு?' என்று கேட்டால் பதில் வருவது கடினம். '1964 சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா ஐயா?' என்று கேளுங்கள், நினைவு தானாகத் திறக்கும். பேச்சைப் பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள்.

1981இல் எங்கள் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதனால்தான் வீடுகளில் ட்ரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் உறுதியும் ஏடும் கடிதமும் இத்தனை முக்கியம். யாராவது அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினால் ஈரமில்லாத கையால் தொடுங்கள், வெளிச்சத்தில் வைத்துப் படமெடுங்கள், ஒரு பிரதியை அந்த வீட்டாரிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.